நிறையாத தொட்டி

எங்கள் பக்கத்தில் வீடு விற்கிறவர்களும் தரகர்களும் தவறாமல் சொல்லும் பெருமை ஒன்று உண்டு. "கிணத்துத் தண்ணி கற்கண்டு மாதிரி இருக்கும் சார். செப்டிக் டாங்க் கட்டி இருபது வருஷமாச்சு, இன்னி வரைக்கும் நிறைஞ்சதே கிடையாது." இரண்டு வாக்கியங்களும் ஒரே மூச்சில் வரும். வாங்க வந்தவரும் மகிழ்ந்து தலையாட்டுவார். இரண்டாவது வாக்கியம் உண்மையானால் முதல் வாக்கியத்தை நம்ப முடியாது என்று அவருக்குத் தோன்றுவதில்லை. அதைப் பற்றித்தான் நம் சங்கத்து அன்பர்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன். சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டே இதழ் படிக்கும் வழக்கமுள்ளவர்கள், கை கழுவிவிட்டு வந்து தொடருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நான் எழுத்தாளன் அல்லன். சிவில் எஞ்சினீயரிங் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் பாதைப் பிரிவிலும் கட்டடப் பிரிவிலுமாகக் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். இப்போது வாளையாரில் பன்னிரண்டு செண்ட் நிலத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடியிருக்கிறேன். வாளையார் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சோதனைச்சாவடியும் வரிசையாக நிற்கும் லாரிகளும்தான். சாலையில் போவதையெல்லாம் நிறுத்திச் சோதித்த ஊர் இது. ஆனால் மண்ணுக்கடியில் ஓடும் தண்ணீருக்கு எந்தச் சாவடியும் இல்லை. வாளையாறு, கோரையாறு, வரட்டாறு, மலம்புழை ஆறு எல்லாம் கூடிக் கல்பாத்திப்புழையாகி, பாரதப்புழையோடு சேர்ந்து பொன்னானியில் கடலை அடைகின்றன. என் கொல்லையில் மண்ணுக்குள் விடுவது என் கொல்லையோடு நிற்கப்போவதில்லை.

தொட்டியின் வேலை என்ன?

செப்டிக் டாங்க் என்பது மலத்தைச் சேர்த்து வைக்கும் குழி என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது அப்படியன்று. பிரான்சு நாட்டில் வெசூல் என்னும் ஊரைச் சேர்ந்த மூரா என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் இதை அமைத்து, 1881-இல் காப்புரிமை பெற்றார். 1890-களில் இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் கேமரன் என்ற பொறியாளர் இதைச் சீர்படுத்தி 'செப்டிக் டாங்க்' என்று பெயர் சூட்டினார். அன்று முதல் அதன் தத்துவம் மாறவில்லை. நீர் கசியாத தொட்டி. உள்ளே வரும் கழிவு ஒரு நாளாவது அசையாமல் நிற்கவேண்டும். கனமானது அடியில் சேறாகப் படியும். எண்ணெயும் நுரையும் மேலே ஆடையாக மிதக்கும். நடுவிலுள்ள நீர் மட்டும் மறுபக்கக் குழாய் வழியே வெளியேறும். அடியில் படிந்ததைக் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மெல்லத் தின்னும். எல்லாவற்றையும் தின்றுவிடாது. மிச்சம் சேர்ந்துகொண்டே போகும். அதை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தாகவேண்டும்.

எனவே ஒழுங்கான தொட்டி, கட்டி முடித்துப் பயன்படுத்தத் தொடங்கிய சில நாட்களிலேயே நிறைந்துவிடும். பிறகு எப்போதும் வெளியேறும் குழாய் மட்டத்துக்கு நிறைந்தே இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 2470 என்ற விதிப்படி, ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர் ஆழம் போதும். அதாவது ஏறத்தாழ 1,200 லிட்டர் கொள்ளளவு. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு முப்பது லிட்டர் சேறு என்று மிகக் குறைவாகக் கணக்குப் போட்டாலும், ஐந்து பேருக்கு இருபது ஆண்டில் 3,000 லிட்டர் ஆகிறது. 1,200 லிட்டர் தொட்டி 3,000 லிட்டர் சேற்றை வாங்கிக்கொண்டு நிறையாமலே இருக்கிறதென்றால் அதற்கு அடித்தளம் இல்லை என்று பொருள். செங்கல்லையோ உறையையோ இறக்கி, அடியை மண்ணாக விட்டு, மேலே சிலாப் போட்டு மூடி, அதற்குச் செப்டிக் டாங்க் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தொட்டியில் நிறையாதது எங்கோ ஓரிடத்தில் நிறைந்துகொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலும் அந்த இடம் பக்கத்திலுள்ள கிணறு.

"நாங்கள் தண்ணீரைக் காய்ச்சித்தானே குடிக்கிறோம், சீரகமும் பதிமுகமும் போட்டு" என்பார்கள். நல்ல வழக்கம். கொதித்த நீரில் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. மலமும் சிறுநீரும் மண்ணில் சிதையும்போது உண்டாகும் உப்பு அது. காய்ச்சக் காய்ச்ச நீர் சுண்டுமே தவிர, உப்பு குறையாது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது என்று நம் நாட்டுக் குடிநீர்த் தரவிதி சொல்கிறது. மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து உடல் நீலம் பாரிக்கும். பேரக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் பாட்டிமார்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

ஒரு பிரெஞ்சுக் கிராமத்தில்

என் தங்கையைப் புதுச்சேரியில் கட்டிக்கொடுத்தோம். அவள் மகன் பிரான்சில் வேலை பார்க்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு கிராமத்தில் பழைய கல்வீடு ஒன்றை வாங்க முடிவுசெய்து, "மாமா, நீங்கள் ரயில்வேயில் கட்டடமெல்லாம் பார்த்தவர், இந்தக் காகிதத்துக்கு என்ன அர்த்தம்?" என்று எனக்கு ஒரு அறிக்கையை அனுப்பினான். பிரெஞ்சு எனக்குத் தெரியாது. ஆனால் அதிலிருந்த படம் எனக்கு மிகவும் பழக்கமான படம். வீடு, கொல்லை, ஒரு பழைய தொட்டி, அதிலிருந்து கிளம்பி ஓர் ஓடையில் முடிகிற குழாய். மேலே ஒரு வரி: விதிக்குப் பொருந்தாதது.

அந்நாட்டில் சாக்கடைக் குழாய் எட்டாத வீடுகளைக் கவனிப்பதற்கென்றே உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒரு பொதுச் சேவை இருக்கிறது. 1992-ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டம் இந்தப் பொறுப்பை அவற்றின் தலையில் வைத்தது. பத்தாண்டுக்கு மேற்போகாத இடைவெளியில் ஒவ்வொரு வீட்டுத் தொட்டியையும் ஆள் வந்து பார்க்கவேண்டும். 2011 ஜனவரி 1 முதல், வீட்டை விற்கிறவர் மூன்றாண்டுக்கு உட்பட்ட சோதனை அறிக்கையைப் பத்திரத்தோடு சேர்த்துத் தரவேண்டும். பொருந்தாது என்று அறிக்கை சொன்னால் விற்பனை நின்றுவிடாது. வாங்குகிறவர் ஓராண்டுக்குள் சரிசெய்யவேண்டும். விற்பனை இல்லாத வீடாக இருந்து, தொட்டியால் உடல்நலத்துக்கோ சுற்றுப்புறத்துக்கோ ஆபத்து என்று தெரிந்தால் நான்காண்டு தவணை உண்டு.

என் மருமகன் செலவை மதிப்பிட்டு, அதில் பெரும்பகுதியை வீட்டு விலையில் கழித்துக்கொண்டான். அங்கேதான் அந்தச் சட்டத்தின் சூட்சுமம் எனக்குப் புரிந்தது. அதிகாரி தடியோடு துரத்தவில்லை. மண்ணுக்கடியில் இருந்ததைப் பத்திரத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். மற்றதை விலை பார்த்துக்கொண்டது. ஓட்டை இருந்தால் விலை குறையும் என்றால் எவரும் தம் தொட்டியைப் பற்றிக் கவலைப்படத்தான் செய்வார்.

அங்கே எல்லோரும் இதை மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ணவேண்டாம். சோதனைக் கட்டணம் எதற்கு, எங்கள் தாத்தா காலத்துத் தொட்டிக்கு என்ன குறை என்று முணுமுணுப்பவர்கள் அங்கும் உண்டு. பொருந்தாத தொட்டிகளும் அங்கே இன்னும் ஏராளம். வேறுபாடு ஒன்றுதான்: எது பொருந்தவில்லை என்பது அங்கே எழுத்தில் இருக்கிறது.

ஐந்து செண்ட் கணக்கு

"பிரான்சு பணக்கார நாடு, அவர்கள் சட்டம் நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலுக்கு மூன்று எண்களைப் பாருங்கள்.

குடிநீருக்கென்று பதிவான கிணற்றுக்கும், தொட்டி நீர் மண்ணில் இறங்கும் இடத்துக்கும் இடையே பிரெஞ்சு விதி கேட்கும் தூரம் 35 மீட்டர். நம் ஐ.எஸ். விதி சொல்வது 18 மீட்டர். கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதி கேட்பது ஏழரை மீட்டர். ஏன் இவ்வளவு குறைத்தார்கள் என்றால், வேறு வழி இல்லை. ஐந்து செண்ட் என்பது ஏறத்தாழ 202 சதுர மீட்டர். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 14 மீட்டர்; மூலைக்கு மூலை அளந்தால் 20 மீட்டர். அதற்குள் வீடு, கிணறு, தொட்டி எல்லாம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே ஐந்து செண்ட், அவருக்கும் ஒரு கிணறு. நம் தொட்டிக்கும் நம் கிணற்றுக்கும் ஏழரை மீட்டர் விட்டால், அவர் கிணற்றுக்கு எவ்வளவு மிஞ்சும்? வீட்டுக்கு வீடு கிணறு தோண்டிய நாடு கேரளம். 2016 நவம்பர் 1 அன்று, மாநிலம் பிறந்த அறுபதாம் ஆண்டு நிறைவில், கிராமப்புறக் கேரளத்தில் திறந்தவெளியில் மலங்கழிப்பது ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பெரிய சாதனை, மறுக்கமாட்டேன். ஆனால் வயலிலும் வரப்பிலும் இருந்ததைக் கிணற்றுக்குப் பத்தடி தள்ளிப் புதைத்து வைத்தால் சாதனை பாதியில் நிற்கிறது.

தூரத்தைக் குறைத்தால், அந்தக் குறையைத் தொட்டியின் தரத்தால் ஈடுசெய்யவேண்டும். அதாவது இடம் பெருத்த பிரான்சைவிட, இடம் சிறுத்த நமக்குத்தான் நல்ல தொட்டியும் கண்டிப்பான சோதனையும் அதிகம் தேவை. நாமோ கட்டட அனுமதி வாங்கும்போது வரைபடத்தில் ஒரு சதுரமும் ஒரு வட்டமும் போடுகிறோம். சிலாப் போட்டு மண் மூடிய பிறகு அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

என் கொல்லையில் செய்தது

நான் வாங்கிய வீட்டிலும் அந்தப் பெருமைதான் பேசினார்கள். முன்பணம் கொடுக்குமுன் சிலாப்பைத் தூக்கிப் பார்க்கவேண்டும் என்றேன். விற்றவருக்கு முகம் சுருங்கிவிட்டது. திறந்து, காற்றாட விட்டு, மேலே நின்றபடியே ஒரு நீண்ட மூங்கிலை விட்டுப் பார்த்தேன். அடித்தளம் இல்லை. கிணற்றுக்கும் அதற்கும் ஐந்து மீட்டர்தான். அதைச் சொல்லித்தான் விலை பேசினோம்.

எங்கள் பக்கம் எட்டடி பத்தடியில் பாறை வந்துவிடுகிறது. பாறை இருந்தால் கழிவுநீர் இறங்காது என்று கொத்தனார்கள் சொல்வார்கள். பாறையில் வெடிப்பு உண்டு. மணலும் மண்ணும் நீரை மெல்ல வடிகட்டும். வெடிப்பு வடிகட்டாது, குழாய்போல் நேரே கொண்டுபோய்க் கிணற்றில் விடும். ஆகையால் ஆழமான உறிஞ்சுகுழி என்ற யோசனையையே விட்டேன். கிணற்றுக்கு எதிர் மூலையில், அடித்தளமும் உட்பூச்சும் உள்ள இரண்டு அறைத் தொட்டி ஒன்று கட்டினேன். பூச்சு காய்ந்ததும் நீர் நிரப்பி, மட்டத்தைக் கோடு போட்டு, ஒரு முழு நாள் விட்டுப் பார்த்தேன், கோடு இறங்கவில்லை. அதிலிருந்து வரும் நீரைத் தரைக்கு மேலே ஒன்றரை அடி உயர்த்திய, தொட்டிபோல் கட்டிய ஜல்லி மணல் பாத்தியில் விட்டு, அதில் கல்வாழை நட்டேன். பாத்தியைக் கடந்த நீர் தென்னைக்குப் போகிறது. பழைய குழியை லாரி வைத்து உறிஞ்சி, சுண்ணாம்பு தூவி, மணலும் உடைகல்லும் போட்டு மூடினேன். மண்ணுக்குள் வெறும் பள்ளமாக விட்டால் ஒரு மழைக்காலத்தில் யாராவது அதில் விழுவார்கள்.

உறிஞ்ச வந்த லாரி ஓட்டுநரிடம், "தம்பி, இதை எங்கே கொண்டுபோய் ஊற்றுவீர்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "சார், அதை மட்டும் கேக்காதீங்க" என்றார். நல்ல பையன்தான். ஊற்ற இடமில்லாதது அவர் குற்றம் அன்று. ஒரு வழியாக, அனுமதி பெற்ற சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகவேண்டும், கூடுதல் தூரத்துக்கு டீசல் செலவு என்னுடையது என்று பேசி முடித்து, அங்கே கொட்டியதற்கான சீட்டைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். எத்தனை வீட்டுக்காரர் அப்படிக் கேட்பார்? கேட்கவேண்டிய வேலையை வீட்டுக்காரரின் மனச்சாட்சிக்கு விட்டால் லாரி இருட்டில் ஓடைப் பக்கம்தான் திரும்பும்.

பிரான்சில் 2009-ஆம் ஆண்டு ஆணைப்படி, உறிஞ்சும் லாரிக்காரருக்கு அரசு அங்கீகாரம் வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்று பிரதிச் சீட்டு எழுதவேண்டும். வீட்டுக்காரருக்கு ஒன்று, லாரிக்காரருக்கு ஒன்று, கொட்டிய நிலையத்துக்கு ஒன்று. சரக்கு ரயிலில் ஒரு மூட்டை மிளகாய் அனுப்பினாலே ரசீது போடுகிற நாம், ஐயாயிரம் லிட்டர் மலத்தை ரசீது இல்லாமல் அனுப்புகிறோம்.

இருப்புப்பாதை தந்த பாடம்

ரயில் பெட்டிக் கழிவறையின் ஓட்டை வழியாகத் தண்டவாளத்தைப் பார்த்தபடி பயணம் செய்த தலைமுறை நாம். விழுந்தது நம் கண்ணைவிட்டு மறைந்தது, அவ்வளவுதான். அது எங்கே போயிற்று என்று பாதைப் பிரிவுக்காரனைக் கேட்டால் சொல்வான். தண்டவாளத்தின் அடிப்பாகத்தையும் அதைப் பிடித்திருக்கும் கிளிப்பையும் அது அரித்தது. தினமும் சாவியும் சுத்தியலும் தூக்கிக்கொண்டு அந்தப் பாதையில் நடந்த கீமேனின் காலில் ஒட்டியது. 2012-இல் அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்புக் குழு, பாதை அரிப்புக்கு இது ஒரு காரணம் என்று சுட்டிக்காட்டி, இந்த ஏற்பாட்டை ஒழிக்கச் சொன்னது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் குவாலியர் ஆய்வகம் உருவாக்கிய நுண்ணுயிர்த் தொட்டி பெட்டிகளில் ஏறியது. 2016 ஜூலையில் மானாமதுரை–ராமேசுவரம் 114 கிலோமீட்டர், நாட்டிலேயே கழிவு விழாத முதல் தடமாக அறிவிக்கப்பட்டது. நம் தமிழ்நாட்டுக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

தொட்டி வைத்ததோடு வேலை முடிந்ததா? இல்லை. பயணிகள் பாட்டிலையும் துணியையும் போட்டு அடைக்கிறார்கள். பெட்டி பராமரிப்புக்கு வரும்போதெல்லாம் ஆள் குனிந்து பார்க்கவேண்டியிருக்கிறது. ஒன்றை நான் என் வேலையிலிருந்து உறுதியாகச் சொல்வேன். சரியாகப் போட்ட பாதை என்பதற்காக எந்த ரயிலும் அதில் பத்திரமாக ஓடுவதில்லை. தினமும் ஒருவன் நடந்து பார்க்கிறான், வாரத்தில் சில நாள் டிராலியில் ஒருவர் வந்து பார்க்கிறார், பார்த்ததைப் பதிவேட்டில் எழுதுகிறார், அதனால் ஓடுகிறது. செப்டிக் டாங்க்கும் அப்படித்தான். பார்க்க ஆளில்லாத அமைப்பு எதுவும் அமைப்பாக நீடிக்காது.

குழியில் இறங்குகிறவர்

இந்தப் பொருளைப் பேசும்போது ஒருவரை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. நம் ஊர்களில் தொட்டி அடைத்துக்கொண்டால் இன்றும் யாரையாவது கூப்பிட்டு உள்ளே இறக்குகிறார்கள். மூடியிருந்த தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது அதுதான். அளவு மிகும்போது அது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் இரண்டு மூச்சில் விழுவார். அவரைத் தூக்கப் போகிறவரும் விழுவார். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் சிக்கிய ஆந்திரத் தொழிலாளர் இருவரைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் அவர்களோடு இறந்துபோனதை நம்மில் பலரும் மறந்திருக்கமாட்டோம்.

2013-ஆம் ஆண்டின் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இன்றி ஆளை மலக்குழியில் இறக்குவது குற்றம். இறக்கச் சொன்னவர் நகராட்சியா, ஒப்பந்தக்காரரா, வீட்டுக்காரரா என்ற வேறுபாடு கிடையாது. முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் தரவேண்டும் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் கூறியது. 2023 அக்டோபரில் அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது நல்லதே. ஆனால் இறங்குகிறவர்கள் எந்தச் சாதியிலிருந்து வருகிறார்கள் என்று நமக்கெல்லாம் தெரியும். அதை இந்தத் தொகை மாற்றிவிடாது. ஒழுங்கான தொட்டியும், மூன்றாண்டுக்கு ஒருமுறை குழாய் விட்டு உறிஞ்சும் லாரியும் இருந்தால் எவரும் இறங்கவேண்டிய அவசியமே வராது. விதிக்குப் பொருந்தாத தொட்டிதான் ஆளைக் கேட்கிறது.

என்ன செய்யலாம்?

தமிழ்நாடு 2014-இல் கழிவுச் சேற்று மேலாண்மைக்கு வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. 2017-இல் கருங்குழியில் சேற்றைச் சுத்திகரிக்கத் தனி நிலையம் தொடங்கியது. கோவைக்கு வடக்கே பெரியநாயக்கன்பாளையத்திலும் நரசிம்மநாயக்கன்பாளையத்திலும் வீட்டுத் தொட்டிகளை ஆய்ந்து முன்மாதிரித் திட்டம் நடத்தினார்கள். வாளையாரிலிருந்து அது இரண்டு மணி நேரத் தொலைவுதான். மகாராஷ்டிரத்தின் வாய் என்ற சிறு நகரில் 2018 முதல், அடைத்த பிறகு கூப்பிடுவது என்ற முறையை விட்டு, வீட்டு வரிசைப்படி மூன்றாண்டுக்கு ஒருமுறை நகராட்சி ஏற்பாட்டில் லாரி வந்து உறிஞ்சுகிறது. கேரளத்தில் நிலையங்கள் போதாது. புதிதாகக் கட்டப்போனால் எதிர்ப்பு வருகிறது. 2022-இல் கோழிக்கோட்டில் கோதியிலும் ஆவிக்கல்தோட்டிலும் நடந்த போராட்டங்கள் நாடறிந்தவை. எதிர்த்தவர்களின் அச்சத்தை நான் எள்ளி நகையாடமாட்டேன். கெட்ட பராமரிப்பைக் கண்டவர்கள் அப்படித்தான் அஞ்சுவார்கள். ஆனால் சேறு எல்லோர் வீட்டிலிருந்தும் வருகிறது; ஓரிடத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும்.

என் யோசனைகள் நான்கு. முதலாவது, வீடு கைமாறும்போது தொட்டிச் சோதனை அறிக்கை கட்டாயமாகவேண்டும். வில்லங்கச் சான்று இல்லாமல் நாம் வீடு வாங்குவதில்லையே. மண்ணுக்கடியில் இருப்பதும் ஒரு வில்லங்கம்தான். இரண்டாவது, வீட்டு வரிசைப்படி உறிஞ்சுதல். இங்கே ஹரித கர்ம சேனைச் சகோதரிகள் மாதாமாதம் வந்து பிளாஸ்டிக்கை எடுத்துச் செல்கிறார்கள். சிறு கட்டணத்தை முதலில் முணுமுணுத்தவர்கள் இன்று பழகிவிட்டார்கள். அதே பட்டியலை வைத்து மூன்றாண்டுக்கு ஒருமுறை லாரியை அனுப்பலாம். மூன்றாவது, மூன்று பிரதிச் சீட்டு.

நான்காவது, முக்கியமானது: மூன்று செண்ட், ஐந்து செண்ட் வீட்டுக்காரர் மீது பிரெஞ்சுச் சட்டத்தைத் தூக்கிப் போடக்கூடாது. அபராதம் விதித்தால் அவர் தொட்டியை மூடி மறைப்பார், அவ்வளவுதான். நான்கைந்து வீடுகளுக்குச் சேர்த்து ஒரு தொட்டியும் ஒரு மணல் பாத்தியும் பஞ்சாயத்துச் செலவில் கட்டித் தரலாம். இடமே இல்லையென்றால் கசியாத தொட்டி வைத்து அடிக்கடி உறிஞ்சலாம். அதுவரை அந்தத் தெருவுக்குக் குழாய்க் குடிநீர் முதலில் வரவேண்டும். என்னைப்போல் பன்னிரண்டு செண்டும் ஓய்வூதியமும் உள்ளவர்களுக்கு எந்தச் சலுகையும் தேவையில்லை. எங்களிடமிருந்து தொடங்கட்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. நம் சங்கம் பொங்கலுக்குப் பட்டிமன்றமும் கோலப்போட்டியும் நடத்துகிறது. இந்த ஆண்டு அரங்க வாசலில் ஒரு மேசை போடுவோம். கிணற்று நீரைச் சிறு குப்பியில் ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்துப் பார்க்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. மலக்கிருமி கலந்திருந்தால் நீர் கறுத்துவிடும். கறுத்த குப்பிக்காரர்கள் நீர் ஆணையத்தின் ஆய்வகத்தில் முறையாகச் சோதித்துக்கொள்ளலாம். நைட்ரேட்டையும் அங்கேயே பார்த்துத் தரச் சொல்லலாம். தொட்டியைப் பார்க்க என்னென்ன கேள்வி கேட்கவேண்டும் என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பக்கத் தாள் நான் எழுதித் தருகிறேன். அடித்தளம் உண்டா, எத்தனை அறை, கடைசியாக எப்போது எடுத்தது, வெளியேறும் நீர் எங்கே போகிறது, பக்கத்து வீட்டுக் கிணறு எத்தனை மீட்டர், ஐந்தே கேள்விகள். விரும்புகிறவர்கள் வீட்டுக்கு நானே அளவு நாடாவோடு வருகிறேன். ஒரு டம்ளர் காப்பி போதும். காப்பிக்குத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து எடுத்தீர்கள் என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்வேன்.